வென்டலின் வலது தோள்

அலுமினியம் யோக்கியமானது. கீழே விழுந்தால் நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் இழைக் குழாய் அப்படியில்லை. உள்ளே இழை விட்டுப்போயிருக்கும், மேலே பளபளப்பு குறையாது. அதனால் எங்கள் பட்டறையில் ஒரே ஒரு சட்டம்: குழாய் தரையில் விழுந்தால் அந்த நிமிடமே ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிட வேண்டும். யார் கை தவறியது என்று கேட்க மாட்டோம். சட்டத்தைச் சுவரில் எழுதியவனே வென்டல்தான்.

இந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் பன்னிரண்டு வருடமாக நானும் அவனும் ஹேங் கிளைடர், அதாவது ஆள் தொங்கிக்கொண்டு பறக்கும் எஞ்சின் இல்லாத இறக்கை, செய்கிறோம். இறக்கைத் துணி தைப்பது நான். கார்பன் இழையைக் குழாயாகச் சுற்றி அடுப்பில் வேகவைப்பது அவன். புதிதாக எதைச் செய்தாலும் முதலில் பறப்பது அவன்தான். நானும் ஒவ்வொரு தடவையும் கேட்பேன், அடுத்த தடவை பார்க்கலாம் என்பான். இந்த முறை செய்தது பழையதைவிட ஏழு கிலோ குறைவு. அடுத்த வாரம் போட்டி. நேற்று அவனாகவே வந்து, வலது தோள் வலி உயிர் போகிறது, நீயே முதலில் பற என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்கு ஆப்பிள் பை வேறு அடுப்பில் சுட்டுக்கொடுத்தேன், மடச்சி.

இன்று காலை மலை உச்சியில் காற்று நேர் எதிரே வீசியது. இறக்கையில் என் கொக்கியை மாட்டித் தொங்கிப் பார்த்தேன். வென்டல் முன்னால் நின்று இறக்கையின் மூக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வழக்கமாக அந்த நேரத்தில் என் எடையைச் சொல்லிக் கிண்டலடிப்பான். இன்று வாயே திறக்கவில்லை. ஏதோ உறுத்தியது. கொக்கியைக் கழற்றிவிட்டு, இறக்கையின் அடியில் ஜிப்பைத் திறந்து, உள்ளேயிருக்கும் குறுக்குக் குழாயை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். டக், டக், டக். ஒரு சாண் தூரத்துக்கு மட்டும் அட்டையைத் தட்டியது போல மந்தமாகக் கேட்டது.

"எப்ப விழுந்துச்சு?"

"செவ்வாக்கிழம," என்றான் தரையைப் பார்த்து. "லேசாத்தான் ரோவீனா. இன்னொண்ணு சுத்த நாள் இல்ல. ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

அந்தக் குழாய் நடுவானில் ஒடிந்தால் இறக்கை புத்தகம் மாதிரி மூடிக்கொள்ளும். அப்புறம் கல் விழுவது போல விழ வேண்டியதுதான். வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். திட்டித் தீர்ந்ததும் மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். போட்டி அவசரம், புத்தி மழுங்கிவிட்டது, ஒன்றும் ஆகாது என்று நிஜமாகவே நம்பியிருக்கிறான், பாவி. பன்னிரண்டு வருடத்தையும் ஒரு குழாய்க்காக அறுத்துப்போட முடியுமா?

இறக்கையை மடித்து நீள உறையில் போட்டோம். முப்பது கிலோவாவது இருக்கும். பின்பக்கத்தைப் பிடிக்க நான் குனிவதற்குள், வென்டல் ஒரே தூக்கில் அதைத் தூக்கி வலது தோளில் வைத்துக்கொண்டு வண்டியை நோக்கி விறுவிறுவென்று நடந்தான். முகம்கூடச் சுளிக்கவில்லை.

ஒன்றும் ஆகாது என்று நம்பியவன் தானே பறந்திருக்க மாட்டானா?

"வென்டல், தோள் வலி எப்படி இருக்கு?"

நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாக, அந்தச் சுமையை இடது தோளுக்கு மாற்றினான்.