ஈரச்சாக்கு

இருட்டு பிரியும் முன்பே காடாம்புலியூர் முந்திரிக் கொட்டகையில் கட்டைச் சத்தம் தொடங்கிவிட்டது. கொட்டையைக் கல்லில் நிறுத்தி ஓர் அடி. அடி கனத்தால் பருப்பு நொறுங்கும்; லேசானால் ஓடு பிளக்காது. ஓட்டில் கசியும் எண்ணெய் பட்டு ஜெயராணியின் விரல்நுனிகள் கறுத்து உரிந்திருந்தன. பக்கத்தில் பட்டம்மாளின் முறம் சும்மா கிடந்தது. அதைப் பார்க்கக் கூசி அவள் குனிந்தே அடித்தாள்.

நாள் முழுதும் உடைந்த பருப்பை, உடைசலை, பிரித்தெடுத்த பட்டம்மாளுக்குத்தான் பருப்பு ஏன் உடைகிறதென்று தெரிந்தது. அவித்த கொட்டையை உடனே விரிக்காமல் ஈரச்சாக்கால் மூடி ஆறவிடச் சொன்னாள். பருப்பு முழுசாக வந்தது.

போன தை மாதம் சிதம்பரத்தில் ஒரு கூட்டம். சின்ன முந்திரி முதலாளிகளும் கல்லூரிக்காரர்களும் கூடி, யார் யோசனையானாலும் எல்லோரும் பகிர்ந்துகொள்வோம் என்றார்கள். சாக்கு மூடும் முறையைச் சொல்ல முதலாளி நடனசபாபதி ஜெயராணியை அழைத்துப் போயிருந்தார். "இது யார் யோசனைம்மா?" என்று மேடையில் கேட்டார்கள்.

"என்னுதுங்க."

எப்படி வந்தது அந்தச் சொல்? கைதட்டிச் சால்வை போர்த்தினார்கள். வீட்டில் மடித்து வைத்ததை அவள் இன்றுவரை பிரிக்கவில்லை.

உடைசல் குறைந்தது. பிரிக்க ஆள் எதற்கென்று நேற்று ஐந்து பேரை வேலையைவிட்டு நிறுத்தினார் முதலாளி. முதல் பெயர் பட்டம்மாள்.

"பத்து மணிக்குக் கடலூர்லேர்ந்து ஆபீசருங்க பாக்க வராங்க. ஜெயராணி, அந்தச் சால்வையப் போட்டுக்கினு சாக்கு மூடிக் காட்டு," என்றார் ஒன்பதரைக்கு வந்த நடனசபாபதி.

"சால்வைல எண்ணெ பட்டா பொத்துப்பூடும் மொதலாளி," என்றாள் மகேஸ்வரி. சிரிப்பு எழுந்தது, உடனே அடங்கியது. வாசலில் பட்டம்மாள்.

"என் சொந்த மொறம். எடுத்துக்கினு போறேன்," என்றவள், ஜெயராணியிடம் குனிந்தாள். "மேடைல நீ சொன்னது அன்னிக்கே தெரியும்டி."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

பட்டம்மாள் முறத்தோடு வாசலைத் தாண்டுமுன் ஜெயராணி எழுந்தாள்.

"மொதலாளி, யோசன பட்டம்மா அக்காவோடது. நான் பொய் சொன்னேன்."

"யாருதா இருந்தா என்னா? இப்போ கம்பெனியோடது."

"அப்போ கம்பெனியே மூடிக் காட்டட்டும்." மகேஸ்வரி கட்டையைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு கல்லாகச் சத்தம் நின்றது.

"வேற ஆளு கெடைக்காதுன்னு நெனப்பா? ரொம்ப ஜாஸ்தியாப் போறீங்க."

"அஞ்சு பேரும் உள்ள வரட்டும். அப்பறம் அடிக்கிறோம்," என்றாள் ஜெயராணி.

பட்டம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒத்திக்க. அது என் எடம்," என்று முறத்தோடு உட்கார்ந்தாள். ஜெயராணி நகர்ந்துகொண்டாள்.

வெளியே கடலூர்க் கார் வந்து நின்றது. யாரும் கட்டையைத் தொடவில்லை.