தொலைபேசிக் கம்பியில் வந்த வால்ஸ்

வெள்ளிக்கிழமை பிற்பகலில் நெலிதா தன் கொமடோர் கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றி, மகள் வனினா கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய தள்ளுவண்டியில் படுக்க வைத்தாள். தலைமாட்டில் டிஸ்க் டிரைவ், கால்மாட்டில் மோடம், நடுவில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டிவி. எல்லாவற்றையும் அலுங்காமல் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்து, தோன்யா போரோத்தா வீட்டு வாசலில் போய் நின்றாள். பெர்கமினோவின் அந்தத் தெருவில் டெலிபோன் இருந்தது அந்த ஒரு வீட்டில்தான்.

போரோத்தா வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "என்ன, பிள்ளைக்குக் காய்ச்சலா? இப்படிப் போர்த்திக் கொண்டாந்திருக்கே."

"குளிர் ஆகாதுங்க அதுக்கு. இன்னிக்கு மட்டும் அது சுகமா இருந்தாப் போதும்."

"சரி, வா. ஆனா என் டிவி தொடர் முடியுற வரைக்கும்தான். முடிஞ்சதும் ரொசாரியோவுலேர்ந்து என் தங்கச்சி கூப்பிடுவா. தொடர்ல வர்ற அந்தப் பய அந்தப் பொண்ணைக் கட்டிக்கலாமா வேணாமான்னு நாங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணணும்."

மறுநாள் வனினாவுக்குப் பதினைந்து வயது. கிளப் மண்டபம் பிடித்தாகிவிட்டது, வெள்ளை உடுப்பு தைத்தாகிவிட்டது. அந்த ஊர் வழக்கப்படி, பதினைந்து முடிகிற பெண் விழாவில் முதல் வால்ஸ் நடனத்தை அப்பாவோடுதான் ஆடுவாள். அந்த அப்பா அன்செல்மோ, நாட்டின் தெற்குக் கோடியில், ரியோ துர்பியோ நிலக்கரிச் சுரங்கத்தில் எலக்ட்ரீசியன். மகளுக்கான வால்ஸ் பாட்டை வேறு யாரிடமும் விடாமல் தன் கொமடோரில் தானே இசையமைத்திருந்தான். வருஷத்துக்கு ஒன்றாக அவளுடைய பதினைந்து படங்களையும் புள்ளி புள்ளியாக வரைந்து அதோடு சேர்த்திருந்தான். டிஸ்கைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நேரில் வருவதாகத்தான் பேச்சு. வியாழக்கிழமை கொட்டிய பனியில் சாலையும் மூடிவிட்டது, விமானமும் நின்றுவிட்டது. அப்பாவும் அங்கே, டிஸ்கும் அங்கே. பனிக்குள் உயிரோடு இருந்தது டெலிபோன் கம்பி மட்டும்தான்.

ஒரு வருஷமாக அவர்கள் இருவரும் இந்த டெலிபோனில் மோடம் வழியாகக் கடிதம் எழுதிக்கொண்டவர்கள்தான். மெதுவான வேகம், எழுத்துகள் எறும்பு மாதிரி ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும். புருஷன் பெண்டாட்டி பேச்சுக்கு அது தாராளம். ஆனால் டிஸ்கின் ஒரு பக்கம் முழுவதும் அந்த வேகத்தில் வருவதென்றால் தொடரும் முடிந்து, தங்கையின் அழைப்பும் முடிந்து, போரோத்தாவுக்குப் பொறுமையும் முடிந்துவிடும். அதே மோடத்தை நாலு மடங்கு வேகத்தில் ஓட வைக்கும் புரோகிராம் ஒன்றை கம்ப்யூட்டர் சங்கத்து நண்பர் ஒருவர் இரண்டு பேருக்கும் கொடுத்திருந்தார். அதுவரை அதைத் தொட அவசியம் வரவில்லை.

ஆபரேட்டர் எப்படியோ இணைப்பு வாங்கித் தந்தாள்.

"ஒல்லி, நீயா?" என்றது அன்செல்மோவின் குரல்.

"வேற யாரு இந்த நேரத்துல உன்னைத் தேடப் போறா? வேகத்தை ஏத்திட்டேன், குண்டா. அனுப்பு."

இரண்டு பேரும் மோடத்தின் சுவிட்சைத் தட்டினார்கள். கீச்சென்று ஒரு சத்தம். பிறகு திரையில் கோடும் கட்டமும் சீட்டுக்கட்டு இதயங்களுமாகக் கொட்டத் தொடங்கியது. ஒரு வார்த்தை உருப்படியாக இல்லை.

விளம்பர இடைவேளையில் வந்து நின்ற போரோத்தா திரையைப் பார்த்தாள். "பரவாயில்லையே, எத்தனை இதயம் அனுப்புறான். எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்த வரைக்கும் ஒண்ணுகூட அனுப்பலை."

"அது குப்பைங்க. லைன்ல எல்லாம் சிதறிப் போகுது."

மோடத்தை நிறுத்திவிட்டு நெலிதா ரிசீவரை எடுத்தாள். இன்னொரு தடவை, இன்னும் ஒரு தடவை. மெதுவான வேகத்தில் வைத்தால் 'ஒல்லி' என்று சுத்தமாக வந்தது. வேகத்தை ஏற்றினால் மறுபடி இதயம்தான். உள்ளே தொடரில் யாரோ அழுதார்கள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"புரோகிராம் ஆரம்பத்துல கேள்வி கேக்குதே, நீ என்னென்ன பதில் போட்டே? ஒண்ணொண்ணாச் சொல்லு" என்றான் அன்செல்மோ.

"வேகம் போட்டேன். டிரைவ் போட்டேன். டிவி ஐரோப்பாவா அமெரிக்காவான்னு கேட்டுச்சு, ஐரோப்பான்னு போட்டேன்."

"நான் அமெரிக்கான்னு போட்டேன்."

"நீ போடுவே. உன் மெஷின் எல்லை தாண்டி சிலியில வாங்கினது, அவங்க டிவி அப்படி. என்னது நம்ம நாட்டுல, சான் லூயிஸ்ல பொருத்தித் தயாரிச்சது. நம்ம நாட்டு டிவி ஐரோப்பா வகைதான்னு தெருவுல போற நாய்க்கும் தெரியும்."

"அமெரிக்கான்னு ஒரு தடவை போட்டுத்தான் பாரேன், ஒல்லி."

"எதுக்கு? பொய் சொன்னா அதுக்கு நல்லா காது கேக்குமா? நம்ம நாடு உலகக்கோப்பை ஜெயிச்சதைப் பார்த்த டிவியை நான் அமெரிக்கான்னு சொல்ல மாட்டேன்."

"உங்கப்பாவோட பிடிவாதம் அப்படியே இருக்கு உனக்கு."

"எங்கப்பாவை இதுல இழுக்காதே. நீ போன மாசமே அனுப்பியிருந்தா இந்தப் பாடு உண்டா? கடைசிப் படத்துல காது சரியா வரலை, மூக்கு சரியா வரலைன்னு உக்காந்திருந்தே."

அன்செல்மோ மெதுவாகச் சொன்னான்: "அந்த மூக்கு உன்னோட மூக்கு. அதான் சரியா வரணும்னு பார்த்தேன்."

குரல் இளகிவிடக் கூடாதே என்று நெலிதா கோபத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "சரி, போடுறேன். வரலைன்னா, சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன், ஞாபகம் வெச்சுக்கோ."

அமெரிக்கா என்று போட்டாள்.

கீச். திரை ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு, 'பெறுகிறது' என்று ஒழுங்கான ஒரு வரி. டிஸ்க் டிரைவின் சிவப்பு விளக்கு எரிந்தது, வயிறு இரைவது போல டிரைவ் முனகியது, ஒவ்வொரு பகுதியும் தவறில்லாமல் வந்து விழத் தொடங்கியது.

விஷயம் இதுதான். டிவி என்று கேட்டாலும், புரோகிராமுக்கு டிவியைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. மெஷினின் துடிப்பு எவ்வளவு வேகம் என்பதைத்தான் அது அப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டது. அந்த நாட்டுக் கொமடோருக்கோ முகம் ஐரோப்பா, துடிப்பு கிட்டத்தட்ட அமெரிக்கா. மெதுவாகப் பேசும்போது அந்தச் சின்ன வித்தியாசத்தை மோடம் பொறுத்துப்போனது. வேகமாகப் பேசும்போது பொறுக்கவில்லை. நாட்டுப்பற்று உள்ள யாரும் ஐரோப்பா என்றுதான் போட்டிருப்பார்கள்.

உள்ளே தொடரின் முடிவு இசை கேட்டது. போரோத்தா கதவோரம் வந்தாள். டெலிபோனைப் பார்த்தாள், நெலிதாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"மூணு படம்."

போரோத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என் தங்கச்சி காத்திருக்கட்டும். எப்படியும் அந்தப் பய அவளைக் கட்டிக்கத்தான் போறான்."

சனிக்கிழமை கிளப் மண்டபத்தின் பெரிய கலர் டிவியில் மெஷினைப் பொருத்தினார்கள். வனினா வெள்ளை உடுப்பில் தனியாக நடுவில் நின்றாள். வால்ஸ் தொடங்கியது. இரண்டாவது அடியிலேயே ஏதோ சரியில்லை என்று நெலிதாவுக்குத் தெரிந்துவிட்டது. அன்செல்மோ டெலிபோனில் எத்தனையோ முறை முணுமுணுத்துக் காட்டிய பாட்டு இது. ஆனால் இந்த நடை இல்லை. அவன் டிவி நொடிக்கு அறுபது தடவை படம் போடும், இங்குள்ளது ஐம்பதுதான். பாட்டின் தாளமும் அந்த எண்ணிக்கையில்தான் ஓடும்; அதனால் அது டிவியின் காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தது. இதற்கு மட்டும் யாரும் கேள்வி கேட்டிருக்கவில்லை.

நிறுத்திவிடலாமா என்று நெலிதா கையை நீட்டினாள். அதற்குள் திரையில் முதல் படம் வந்தது. உருளைக்கிழங்கு மாதிரி, கட்டம் கட்டமாக ஒரு கைக்குழந்தை. வனினா வாய்விட்டுச் சிரித்தாள்.

"அம்மா, நீ வா. அப்பாவுக்குப் பதிலா நீதான் ஆடணும்."

இருவரும் ஆடினார்கள். கால் மிதிபடாமல் ஆட நேரம் இருந்தது, ஒவ்வொரு படத்தையும் திரும்பிப் பார்க்கவும் நேரம் இருந்தது.

"அப்பா ஆடுற மாதிரியே இருக்கு" என்றாள் வனினா, அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு. "அவரும் ரெண்டாவது அடியை எப்பவும் தாமதமாத்தானே எடுத்து வைப்பாரு."

ஞாயிறன்று அன்செல்மோ போரோத்தா வீட்டுக்கு அழைத்தான். "எப்படி இருந்துச்சு? நல்லா சுழண்டு சுழண்டு ஆடினாளா?"

"ஆடினா. ஆனா உன் பாட்டு இங்கே வந்து மெதுவாயிடுச்சு, குண்டா."

"மெதுவாவா? அது மெதுவான பாட்டே இல்லையே. எவன் அதை இழுத்தது? கேட்டவங்க என்ன நினைச்சிருப்பாங்க?"

"யாரும் ஒண்ணும் நினைக்கலை. வேகமா வேணும்னா, சாலை திறந்ததும் நீயே வந்து அவளோட ஆடிக் காட்டு."