ஐந்து பவுண்டு குறைந்த டெல்பர்ட்

டெல்பர்ட்டின் தொப்பை கரைந்ததில் அவனைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். டாக்டர் சொல்லிவிட்டார் என்று அவன் மனைவி நோரீன் கோடை முழுக்க முட்டைக்கோஸ் சூப்பாகவே ஊற்றினாள். ஆனால் ஒஹாயோவின் அந்தப் பந்தயத் திடலில் காரையும் ஓட்டுகிறவனையும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள். எடை குறைந்தால் வேகமான கார்கள் ஓடும் மேல் வகுப்புக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே போனால் இவனுடைய பச்சை போண்டியாக் கார் மற்றவர்களின் புகையைத்தான் குடிக்க வேண்டும்.

ஆர்வில் ஓடுவதோ இந்த வகுப்பில். பக்கத்து வீட்டுக்காரன். வருஷா வருஷம் கோப்பையைத் தட்டிக்கொண்டு போய், டெல்பர்ட் காபி குடிக்கும்போது கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலில் வைப்பான். இந்த முறையாவது அவனை ஜெயிக்காவிட்டால் ஜன்னலை அடைத்துவிடுவதென்று டெல்பர்ட் முடிவு செய்திருந்தான்.

பந்தயத்தன்று தராசில் ஐந்து பவுண்டு குறைந்தது.

"ஒரு இரும்புத்துண்டு போட்டுக்கறேனே, மெர்ல்" என்று எடை போடுகிறவரிடம் கெஞ்சினான்.

"மணல் மூட்டை, ஈயம், இரும்பு எதுவும் கூடாது. விதிப்புத்தகத்துல இருக்கு."

"வயித்துக்குள்ள போட்டுக்கிட்டா?"

மெர்ல் புரட்டிப் பார்த்தார். "அதைப் பத்தி ஒண்ணும் இல்லப்பா."

நோரீன் தலையில் அடித்துக்கொள்ள, டெல்பர்ட் ஹாட் டாக் ரொட்டிகளை விழுங்கி, எலுமிச்சைச் சாற்றைக் குடம் குடமாக இறக்கினான். எடை சரியாக நின்றது. ஜெயித்தவனை மறுபடி எடை போடுவார்கள் என்பது வரிசையில் நிற்கும்போதுதான் உறைத்தது. இனி சிறுநீருக்கு ஒதுங்கவும் வழியில்லை.

ஆர்வில் வந்து தன் டயரை நனைக்கிறேன் பேர்வழி என்று மெல்லிசாகத் தண்ணீர் ஊற்றினான்.

"என்னடா, மூஞ்சி வெளிறிப் போச்சு? போயிட்டுதான் வாயேன்."

"உன் வேலையப் பாருடா!"

பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவு அவசரத்தில் இருந்தவனை யார் பிடிக்க முடியும்? டெல்பர்ட் ஆர்விலை முந்திவிட்டான். எல்லையைத் தாண்டியதும் சந்தோஷத்தில் ஒரு கூச்சல் போட்டான். அதோடு மற்றதும் கட்டவிழ்ந்துவிட்டது.

போச்சு எல்லாம் என்று அழாத குறையாகக் காரைத் தராசில் ஏற்றினான். முள் அசையாமல் சரியான இடத்தில் நின்றது. ஒரு சொட்டுகூடக் காரை விட்டுப் போகவில்லை.

"அநியாயம்! சீட்டைப் பாருங்க!" என்று ஆர்வில் குதித்தான்.

மெர்ல் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "அது மணலா?"

"இல்ல."

"ஈயமா? இரும்பா?"

"இல்ல, ஆனா..."

"அப்ப கோப்பை அவனுக்கு."

நோரீன் ஆர்விலின் காரில் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வருஷப் புத்தகத்தில் 'நனைந்த இருக்கையோடு எடை போடப்படாது' என்று புது விதி ஏறியது. தான் தோற்றதாக மட்டும் ஆர்வில் அதன்பின் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. எடைதான் தப்பு என்பான்.

போன கோடையில் பழைய கார்க்காரர்களின் கூட்டத்தில் புதிதாக வந்த ஒருவன் அந்த விதியைப் படித்துவிட்டு, "எந்தக் கிறுக்கனுக்காக இதைப் போட்டாங்க?" என்று சிரித்தான். மறுபடி தொப்பை வைத்துவிட்ட டெல்பர்ட் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆர்வில் எழுந்தான். "பாத்துப் பேசு தம்பி. என்னை ஜெயிச்ச ஆளு அவன்."