மணல் மூட்டையின் நடை

மகளின் கைபேசியிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது அம்மா டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். தொம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னக் கிணுகிணுப்பு. வடிகட்டி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

மகள் இன்னொரு முறை அழுத்திக் காட்டினாள். கல்லூரியில் பின்வரிசைப் பையன்கள் இதை ஆளுக்கு ஒன்றாக இறக்கி வைத்திருக்கிறார்களாம். அவள் எழுந்து நடந்தால் அடிக்கு ஒரு தொம். நேற்று பேச்சுப் போட்டி ஒத்திகையில் மேடைக்குப் போனவள், பாதி வழியிலேயே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாளாம். இன்று மாலை இறுதிப் போட்டி. போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பசங்க விளையாட்டுக்குப் பண்றாங்க, நீ கண்டுக்காத என்று சொல்ல அம்மா வாயெடுத்தாள். ஆனால் அந்தக் கிணுகிணுப்பு எந்த டம்ளருடையது என்று அவளுக்குத் தெரியும்.

படப்பிடிப்பு முடிந்த பிறகு, கதாபாத்திரங்களின் காலடி, கதவுக் கிறீச்சு, துணி உரசல் எல்லாவற்றையும் அடைத்த அறைக்குள் நின்று திரையைப் பார்த்துப் பார்த்து உண்டாக்குவதுதான் அவள் வேலை. ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் எஃபெக்ட்ஸ் அக்கா என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. பருமனான ஒரு பெண் வீட்டுக்குள் நுழைவாள். நிலநடுக்கம் மாதிரி இருக்கணும் என்றார் இயக்குநர். ஆணி தளர்ந்த பலகை ஒன்றில் தான் தண்ணீர் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரை வைத்து, பக்கத்தில் மணல் மூட்டையைத் தூக்கிப் போட்டாள். இயக்குநர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்த நடிகைக்கு ஒரு சுற்றுகூடக் குறையாத உடம்பு அவளுக்கும்.

அந்த ஓசையை யாரோ சேமித்து வைத்தார்கள். ஸ்டுடியோவுக்கு ஸ்டுடியோ கைமாறியது. அதன் பிறகு எந்தப் படத்தில் எந்தக் குண்டுப் பெண் கதாநாயகனைக் காதலித்தாலும், பெஞ்சில் உட்கார்ந்து மறுமுனையில் இருப்பவனைப் பறக்கவிட்டாலும், அதே மூட்டை, அதே டம்ளர். நடிகைகள்தான் மாறினார்கள்.

சுவர்ப்பக்கம் திரும்பிய மகளை விட்டுவிட்டு வந்த அன்று, ஸ்டுடியோவில் அவளுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. செருப்பு அலமாரியைத் திறந்தாள், மூடினாள். திரையில், பருமனான ஒரு பெண் தட்டு நிறையக் கண்ணாடிக் கோப்பைகளுடன் நீண்ட தாழ்வாரத்தில் வருகிறாள். கதாநாயகன் அலமாரிக்குப் பின்னால் ஒளிகிறான். அம்மா அந்தப் பாதங்களையே பார்த்தாள். விரல் முதலில், குதிகால் பிறகு. கோப்பையிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலால் அதே போல நடந்து பதிவு செய்தாள். ஒலிப்பதிவாளர் தலையாட்டினார்.

இளம் இயக்குநர் மரியாதை தெரிந்தவர். திரும்ப ஒரு தடவை போட்டுக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா இப்படி நடந்து வந்தா ஹீரோ எதுக்கு ஒளியறான்?"

அந்தப் பழசையே போட்டுடலாம் என்றார் அவர். ஒலிப்பதிவாளர் எடுத்துப் பொருத்தினார். முதல் தொம் கால் தரையைத் தொடும் முன்பே விழுந்தது, இழுத்துச் சரிசெய்தார். அந்த ஓசையை ஸ்டுடியோ கணினியிலிருந்து அழித்துவிட முடியுமா என்று அவள் மெதுவாகக் கேட்டதற்கு அவர் சிரித்தார். இங்கே அழித்தால் ஆயிற்றா, ஊர் முழுக்க இருக்கிறதே என்றார். அவளுக்குத் தண்ணீர் குடித்த பிறகுதான் கையில் இருப்பது அதே டம்ளர் என்று உறைத்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். மகள் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். மூட்டை, பலகை, டம்ளர், தான் சிரித்தது, இன்று கால் தரையைத் தொடும் முன்பே அது விழுந்தது.

மகள் அழவில்லை. "அப்போ ஒல்லியா இருக்கிற ஹீரோயினுங்களுக்கெல்லாம் யாரு நடந்தா?"

"நான்தான்."

"குண்டா இருக்கிறவ நடந்தா மணல் மூட்டை. ஒல்லியா இருக்கிறவ நடந்தா நீ. நல்லா இருக்கும்மா உங்க கணக்கு."

மகள் அந்த டம்ளர் ஓசையைக் கைபேசியில் மறுபடி மறுபடி ஓடவிட்டாள். நிறுத்து என்று சொல்லும் உரிமைகூடத் தனக்கு இல்லை என்று அம்மாவுக்குத் தோன்றியது. கடைசியில் மகளே நிறுத்தினாள்.

"காலோட பொருந்தலன்னா என்ன ஆகும்?"

"பொருந்தலன்னா அது யாரோட சத்தமும் இல்ல. வெறும் மூட்டை."

மகள் எழுந்து குளிக்கப் போனாள். உடம்பை ஒடுக்கிக் காட்டும் என்று வழக்கமாக உடுத்தும் கறுப்பை விட்டுவிட்டு, பெட்டியின் அடியில் கிடந்த மஞ்சள் உடையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "நீ என்கூட வராத" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அம்மா அடுத்த பேருந்தில் போனாள். அரங்கத்தின் கடைசி வரிசையில், தூண் ஓரமாக ஓர் இடம் கிடைத்தது. முன்னால் நாலு பையன்கள், கையில் கைபேசியுடன். பிடுங்கி வெளியே எறியலாமா என்று பாதி எழுந்தாள். அதற்குள் மகளை அழைத்துவிட்டார்கள்.

மஞ்சள் உடை நடுப்பாதையில் இறங்கியது. தொம். அரங்கம் கிசுகிசுத்தது. அடுத்த அடி, தொம். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னே நகர்ந்தது. நேற்று அவள் திரும்பிய இடம் இதுவாகத்தான் இருக்கும். மூன்றாவது அடிக்கு மகள் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

தொம்.

கால் இன்னும் கீழே வரவில்லை. ஆனால் டம்ளர் கிணுகிணுத்து ஓய்ந்தது. மகள் தூக்கிய காலைக் குனிந்து பார்த்தாள், பிறகு பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். மொத்தக் கூட்டமும் அவள் பார்வையோடு திரும்பியது. அழுத்திய பையனின் விரல் இன்னும் திரை மேலேயே இருந்தது. அப்போது வெடித்த சிரிப்பு வேறு. பையன் கைபேசியைத் தொடைக்கு அடியில் செருகினான்.

மகள் காலை ஊன்றினாள். சத்தமே இல்லை. மீதித் தூரத்தை அவசரப்படாமல் நடந்து ஒலிவாங்கியைப் பிடித்தாள். பின்வரிசையைத் துழாவிய கண்கள் தூண் ஓரத்தில் வந்து நின்றன. புன்னகை எதுவும் இல்லை. பேசத் தொடங்கினாள்.

அம்மாவின் பாதங்கள் நாற்காலிக்கு அடியில் தரையைத் தொடுவதும் எழும்புவதுமாக இருந்தன. பேச்சின் நடுவில் வேறெங்கிருந்தோ யாரோ ஒருவன் இன்னொரு முறை அழுத்தினான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மகள் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, டம்ளர் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசினாள்.