தண்ணீர் கேட்டு வந்த படகு

சீமோன் யாட் கிளப் வாசலில் வானை நிறுத்தினான், ஆனால் இறங்கவில்லை. ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, "அண்ணி, உள்ளுக்குப் போனா வாயைத் திறக்கக் கூடாது, விளங்குதே? கை தட்டினா எழும்பி ஒருக்காத் தலையை ஆட்டுங்கோ. பிறகு இருங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்," என்றான்.

"என்ன மிச்சம் கிடக்கு, தம்பி?"

"உந்தக் கேள்வியைத்தான் உள்ளுக்குக் கேக்க வேண்டாமெண்டுறன்."

அன்ரனெற் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். 1996ஆம் ஆண்டு மார்ச். ஏரி இன்னும் முழுதாக இளகவில்லை. யாட் கிளப்பின் பாய்ப்படகுகள் எல்லாம் தரையில், தாங்குகட்டைகளின் மேல், நீலத் தார்ப்பாய் போர்த்தி நின்றன. அவற்றில் பாதியைப் போன ஒக்ரோபரில் போர்த்திக் கயிறு போட்டுக் கட்டியவன் கஸ்பர். அவளுடைய புருசன், சீமோனின் அண்ணன். அவன் போட்ட முடிச்சு அவளுக்குத் தெரியும். ஒரு குளிர்காலம் முழுக்க அடித்த காற்றுக்கு ஒன்றுகூட நெகிழவில்லை. கட்டியவன்தான் ஸ்காபரோவில் ஒரு சேமக்காலையில் மண்ணுக்குள் கிடந்தான்.

மன்னாரில் கடலுக்குப் போனவன், இங்கே மூன்று கோடைகாலம் இந்தக் கிளப்பில் படகுகளின் அடியைச் சுரண்டிப் பெயின்ற் அடித்தான். அவன் கயிறு பின்னுகிற விதத்தை மிஸ்டர் வில்கின்ஸ் கண்டு வைத்திருந்தார். ஓய்வு பெற்ற பல் வைத்தியர். அவருடைய பெரிய படகு கரீபியன் பக்கத்துத் துறை ஒன்றில் நின்றது. குளிருக்கு அங்கே போய்த் தீவு தீவாகச் சுற்றுவார். "நீ படகைப் பார், உன் மனைவி சமைக்கட்டும்," என்று நவம்பரில் இரண்டு பேரையும் பிளேனில் ஏற்றிக்கொண்டு போனார். டிசெம்பரில் அவளும் அவரும் திரும்பி வந்தார்கள். கஸ்பர் பெட்டியில் வந்தான்.

கொள்ளைக்காரர் ஏறினார்கள், கஸ்பரைச் சுட்டார்கள். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர்களைக் கிட்ட வர விட்டது யார் என்பதுதான் கதை. வில்கின்ஸ் நித்திரையால் எழும்பி வெளியே வந்தபோது கண்டது கஸ்பரையும் அந்த மூன்று பேரையும். விட்டவன் கஸ்பர் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அதைச் சீமோன் செத்தவீட்டில் வேறு விதமாகச் சொன்னான். "தாகமெண்டு வந்தவனுக்குத் தண்ணி குடுத்துச் செத்தவர் என்ரை அண்ணை." சனம் விம்மி அழுதது. சுவாமியார் பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னார். அன்ரனெற்றிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மில்லிக்கனில் சீமோனின் வீட்டு பேஸ்மென்றில் அவளுக்கு ஒரு கட்டில் போட்டிருந்தது. அந்தக் கட்டில் அந்தக் கதையின் மேல் நின்றது. கதையை அசைத்தால் கட்டில் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளே அறுபது பேர் வரை இருந்தார்கள். சுவரில் ஒரு தாள்: குளிர்காலத்தில் தெற்கே படகோட்டுவோருக்கான பாதுகாப்புக் கூட்டம். கோப்பியும் டோனற்றும். முன் வரிசையில் இரண்டு கதிரை அவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தது. பின்னால் யாரோ "அதுதான் மனைவி," என்று மெதுவாகச் சொன்னது அவளுக்குக் கேட்டது.

வில்கின்ஸ் படம் போட்டுக் காட்டினார். படகு. தென்னை. சூரியன். பிறகு கஸ்பர், இரண்டு கையாலும் ஒரு பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறான். சனமும் சிரித்தது. வில்கின்ஸ் சிரிப்பு அடங்கும் வரை பொறுத்தார்.

"நல்ல மனிதர். கடின உழைப்பாளி. ஆனால் நண்பர்களே, நல்ல மனம் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு அல்ல. முதல் விதி: தெரியாத படகை ஒருபோதும் கிட்ட வர விடாதீர்கள். தண்ணீர் கேட்பார்கள், சிகரெட் கேட்பார்கள், மீன் விற்க வந்தோம் என்பார்கள். இரண்டாவது: நங்கூரம் போட்டு நிற்கும்போது ஏணியைத் தூக்கி வையுங்கள். மூன்றாவது: தனியாக நிற்காதீர்கள், நாலு படகு நிற்கிற இடத்தில் நில்லுங்கள். நாலாவது: துப்பாக்கியைக் கண்டால் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஆள் முதலாவதையும் மறந்தார், நாலாவதையும் மறந்தார். ஒரு எஞ்சினுக்காக."

படத்தில் கஸ்பர் சிரித்துக்கொண்டே இருந்தான். அன்ரனெற் அவனைப் பார்க்காமல் மீனைப் பார்த்தாள். அதை அவள்தான் வெட்டினாள். இரண்டு நாள் கழித்து, மத்தியானம் இரண்டு மணி போல...

வில்கின்ஸ் கடலில் நீந்திவிட்டு வந்து, சாப்பிட்டு, கீழே படுத்துவிட்டார். பின்னேரமும் நீந்த வேண்டும், ஏணி அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லியிருந்தார். கரையில் ஒரு சனம் இல்லை. அப்போதுதான் அந்த மரப்படகு வந்தது. மூன்று பேர். ஒருவன் மஞ்சள் கலன் ஒன்றைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்திருந்தான். ஒரு சொட்டும் இல்லை என்று காட்டுகிற மாதிரி. அவளுடைய ஊர்க் கடலிலும் அப்படித்தான் காட்டுவார்கள். எரிபொருள் முடிந்து மூன்று நாள் அலைந்தவர்கள் அப்படிக் காட்டிக் கரை சேர்ந்ததை அவள் கண்டிருக்கிறாள். தூக்கின கலனைப் பார்த்துவிட்டுப் போனவனோடு ஊரில் ஒருவனும் தொழிலுக்குப் போகமாட்டான்.

கஸ்பர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான்.

"ஏணியை இழு, அன்ரனெற்."

"ஏன்?"

"உவங்கள் தொழில்காரர் இல்லை. வலை இல்லை, தூண்டில் இல்லை. வள்ளத்தின்ரை உள்பக்கத்தைப் பார், காய்ஞ்சு கிடக்கு. எஞ்சின் மட்டும் புதிசு. இழு எண்டுறன்."

"தண்ணிதானே கேக்கினம்."

"கேக்கட்டும்."

அப்போது அவள் சொன்னாள். அந்தச் சொல்லை அவள் மூன்று மாதமாக வாயில் வைத்துக்கொண்டு திரிகிறாள். "கடலிலை தண்ணி கேட்டவனுக்கு இல்லையெண்டு சொல்ல எங்கை படிச்சனீங்கள்? வெள்ளையின்ரை படகிலை ஏறினவுடனை வெள்ளையாப் போட்டியளோ?"

கஸ்பர் அவளைப் பார்த்தான். கோபப்படவில்லை. வெட்கப்பட்டான். அதுதான் அவளால் மறக்க முடியாதது. "அப்ப நீ குடு. நான் அந்தாளை எழுப்பிறன்," என்று கீழே இறங்கினான். அவன் கதவில் தட்டுவது கேட்டது. ஒருமுறை. திரும்பவும். உள்ளேயிருந்து வில்கின்ஸின் குரல்: "பிறகு, கஸ்பர், பிறகு."

அவள் ஏணியில் இரண்டு படி இறங்கி, நிரப்பிய கலனை நீட்டினாள். நீண்டு வந்த கை கலனைப் பிடிக்கவில்லை. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது.

பிறகு நடந்ததெல்லாம் பத்து நிமிசம். ரேடியோ, பணம், வில்கின்ஸின் மணிக்கூடு. கஸ்பர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான், சொன்னபடி செய்தான். கரைக்குப் போய்வரப் பின்னால் கட்டியிருந்த சின்னப் படகின் எஞ்சினை அவர்கள் கழற்றப் போனபோதுதான் போய் அதைக் கட்டிப்பிடித்தான். தொண்ணூறாம் ஆண்டு ஊரில் நேவி அவனுடைய எஞ்சினைக் கழற்றிக் கடலில் போட்டபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் அவன். இந்த எஞ்சின் அவனுடையதுகூட இல்லை.

"கேள்விகள்?" என்றார் வில்கின்ஸ்.

துப்பாக்கி கொண்டு போகலாமா என்று ஒருவர் கேட்டார். சுங்கத்தில் ஒப்படைக்க வேண்டும், வீண் தொல்லை என்றார் வில்கின்ஸ். பிறகு வெள்ளை மீசைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"ஆட்களை வேலைக்கு எடுக்கும்போது அவர்களுடைய பின்னணியைப் பார்க்க வேண்டாமா? தவறாக எடுக்க வேண்டாம். அந்த ஆளுக்கும் ஏறினவர்களுக்கும் முதலே பழக்கம் இருக்கவில்லை என்று எப்படித் தெரியும்?"

வில்கின்ஸ் இல்லை என்று சொல்வார் என்று அன்ரனெற் காத்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்கே பொலிஸும் முதலில் அதைத்தான் கேட்டது," என்றார்.

அவள் எழுந்துவிட்டாள். நன்றி சொல்ல எழுகிறாள் என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். அவள் அது ஓயும் வரை நின்றாள். நாலு வருசம் தொழிற்சாலையில் கற்ற இங்கிலீஷ். உடைந்து உடைந்து வந்தாலும் எல்லோருக்கும் விளங்கியது.

"தண்ணீர் கொடுத்தது நான். என் கணவன் இல்லை."

சீமோன் அவளுடைய ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தான். "அண்ணி, இருங்கோ. விசரே உங்களுக்கு?"

"அவர் ஏணியை இழு என்றார். அவர்கள் மீனவர் இல்லை என்று அவருக்குத் தூரத்திலேயே தெரிந்தது. நான் கேட்கவில்லை. அவரை ஏசினேன். ஏணியைக் கீழே விடச் சொன்னது நீங்கள், மிஸ்டர் வில்கின்ஸ். அவர் உங்கள் கதவில் இரண்டு தரம் தட்டினார். பிறகு என்று சொன்னீர்கள்."

"எனக்கு அப்படி நினைவில்லை," என்றார் வில்கின்ஸ். முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. "இவர் மிகவும் துயரத்தில் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அதை..."

"துயரம்தான். ஆனால் நான் நித்திரையில் இருக்கவில்லை."

யாரும் கை தட்டவில்லை. மீசைக்காரர் கதிரையில் இருந்துவிட்டார். ஒருவர் போய் லைற்றைப் போட்டார். சுவரில் கஸ்பரும் மீனும் வெளிறிப்போனார்கள்.

வெளியே, வானுக்குப் பக்கத்தில், சீமோன் வான் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"உள்ளுக்குச் சொன்னது உண்மையே?"

"ஓம்."

"அண்ணை வேண்டாமெண்டவரே?"

"ஓம். ஏணியை இழு எண்டவர்."

"மூண்டு மாசம் என்ரை வீட்டிலை இருந்து, என்ரை சோத்தைத் திண்டுகொண்டு... நான் சேர்ச்சிலை முழுச் சனத்துக்கும் முன்னாலை நிண்டு கதைக்க, நீ முக்காட்டைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தனீ." 'அண்ணி', 'நீங்கள்' என்ற சொற்கள் அவன் பேச்சிலிருந்து போய்விட்டன. "நீதான்ரி அவனைக் கொண்டனீ."

"அதை நீ இண்டைக்குத்தான் சொல்லுறாய். நான் ஒவ்வொரு நாளும் சொல்லுறன்."

"பிறகேன் இப்ப சொன்னனீ? ஆர் கேட்டவை?"

"அவரைக் கள்ளன் எண்டாங்கள். நீ பேசாமல் இருந்தாய்."

சீமோன் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினான். மற்றப் பக்கக் கதவு பூட்டுப்படுகிற சத்தம் கேட்டது. வான் சேற்றுப் பனியை அவளுடைய காலில் அள்ளி எறிந்துவிட்டுப் போனது.

பின்னால் யாரோ வந்து நின்றார்கள். கூட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரி, அறுபது வயதிருக்கும், கையில் வில்கின்ஸ் கொடுத்த விதித் தாள். அனுதாபம் எதுவும் சொல்லவில்லை. "நாங்கள் நவம்பரில் போகிறோம். மீனவர் இல்லை என்று அவர் எதை வைத்துக் கண்டுபிடித்தார்?" என்றாள், கடைக்கு வழி கேட்கிற மாதிரி.

அன்ரனெற்றுக்கு அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் சொன்னாள். வலை இல்லை. தூண்டில் இல்லை. படகின் உள்பக்கம் காய்ந்திருந்தது. எஞ்சின் மட்டும் புதியது. அந்தப் பெண் தாளைக் கைப்பையின் மேல் வைத்து ஒவ்வொன்றாக எழுதினாள். "அவருடைய பெயர்?" என்றாள். அன்ரனெற் எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாள்.

ஸ்ட்ரீட்கார், சப்வே, பிறகு வார்டன் பஸ். மில்லிக்கனுக்கு வந்து சேர இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அவளுடைய இரண்டு பைகளும் சீமோனின் வாசல் படியில் இருந்தன. சிப்பை இழுத்து மூடி, ஒழுங்காக. மேலே அவளுடைய குளிர்ச் சப்பாத்து. குனிந்து இரண்டையும் திறந்து கடைசி வரை கையை விட்டுப் பார்த்தாள். உடுப்பு இருந்தது. செபமாலை இருந்தது. கட்டில் தலைமாட்டில் நின்ற கஸ்பரின் படம் இல்லை.

மணியை அடித்தாள்.

"போ," என்றான் சீமோன், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று. "அன்ரி ஆரோ இருக்கினமே ஸ்காபரோவிலை. அங்கை போய்க் கிட."

"போறன். படத்தைத் தா."

"அது என்ரை அண்ணை."

"என்ரை புருசன்."

"தண்ணி குடுக்கேக்கை தெரியேல்லையோ?"

அவள் பைகளைப் படியிலிருந்து கீழே இறக்கி வைத்தாள். உள்ளே அவன் அசையாமல் நிற்பது கண்ணாடியில் நிழலாகத் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் பனி தள்ளுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பார்க்கட்டும். அன்ரனெற் திரும்பவும் மணியில் விரலை வைத்தாள். இந்த முறை அதை எடுக்கவில்லை.