மூன்று துண்டும் ஒரு துண்டும்

"மூணு பெருசா, ஒண்ணு பெருசா? சொல்லித் தொலடி!"

பஸ் டிப்போ மெக்கானிக்கான அப்பா, கிரீஸ் படிந்த விரலால் சிலேட்டைத் தட்டினார். சோற்றுத் தட்டுகள் ஆறிக்கொண்டிருந்தன.

"சமம்," என்றாள் சின்னவள்.

எந்த இரண்டு எண்களைக் கொடுத்தாலும் நடுவே சமக்குறிதான் போடுகிறாள். டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பிச் சொல்லிவிட்டார்.

"மக்கு! நாளையிலேருந்து பள்ளிக்கூடம் வேணாம். வீட்டோட கிடந்து பாத்திரம் கழுவட்டும்."

அம்மாவுக்குப் பதறியது. பிள்ளைகளின் தட்டுகளை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இங்க பாரு கண்ணு. அண்ணன் தட்டுல எத்தனை மீன் துண்டு?"

"மூணு."

"உன் தட்டுல?"

"ஒண்ணு."

"அப்ப எது ஜாஸ்தி?"

"சமம்மா. நீதானே தினமும் சொல்வே? 'ரெண்டு பேருக்கும் சமமாத்தான் வெச்சிருக்கேன், வாயை மூடிட்டுத் தின்னு'ன்னு."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. சுருக்கென்று பட வேண்டியதுதான்! ஆண்பிள்ளைக்கு அள்ளி வைக்கிறார்கள், பெண்ணுக்குக் கிள்ளி வைக்கிறார்கள், கேட்டால் சமம் என்று வாய் கூசாமல் சொல்கிறார்கள். பாவம், குழந்தை தன் கண்ணை நம்பாமல் பெற்றவளை நம்பியது. அதற்குக் கிடைத்தது மக்குப் பட்டம்.

அம்மா மகன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து மகள் தட்டில் வைத்தாள்.

"இதுதாண்டி சமம். முன்னாடி நான் சொன்னது பொய்."

"எனக்குக் கம்மி!" என்று அலறினான் பெரியவன். கணக்கில் எப்போதும் அவன்தான் முதல்.

"எண்ணிப் பாருடா. உனக்கு எத்தனை?"

"ரெண்டு."

"அவளுக்கு?"

"ரெண்டு." மூக்கை உறிஞ்சினான். "ஆனா எனக்குத்தான் கம்மி!"

"வளர்ற பையன் தட்டுல கை வைக்கிறியே, உனக்கென்ன பைத்தியமா?" என்று அப்பா எகிறினார். "அவனுக்கு ஏன்டி கொறைக்கிறே?"

"ரெண்டும் ரெண்டும் உங்களுக்கும் கொறைச்சலாத் தெரியுதா? அப்ப கணக்கு வராதது அவளுக்கு இல்லைங்க. அவ நாளைக்குப் பள்ளிக்கூடம் போவா."

அப்பா தன் தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

சின்னவள் இதற்குள் தட்டு தட்டாக எண்ணிக்கொண்டு வந்தாள். கடைசியில் நிமிர்ந்தாள்.

"அம்மா, உன் தட்டுல ஒண்ணுமே இல்லையே?"

அம்மா அப்பாவின் தட்டைப் பார்த்தாள். நாலு துண்டு இருந்தது. கையை நீட்டினாள்.