சீரகக் கஞ்சி

மாமியாரின் தலையைத் தாங்கிப் பிடிக்கிற வேலையை ஜெபராணியிடம் கொடுத்திருந்தார்கள். கொல்லையில் நாலு பக்கமும் சேலையால் மறைத்து, பள்ளிக்கூடத்து பெஞ்சின் மேல் இன்பமணியைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறு நாள் காய்ச்சல். விடியற்காலம் சேவல் கூவுகிற நேரத்தில் உயிர் போயிருந்தது. நனைந்த தலை கையில் கனத்தது. உள்ளே ஏழு மாதக் குழந்தை லில்லி வீரிட்டு அழுதாள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே ஜெபராணிக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது.

"அதத் தொடச்சுக்கோ, ஏட்டி. பொணத்து மேல பால் சொட்டப்பிடாது" என்றாள் சாலோமி. செத்தவளுக்கு அக்காள். நேற்று சேரன்மகாதேவியிலிருந்து வண்டி கட்டி வந்து இறங்கியவள்.

"ரெண்டு கையும் உங்க தங்கச்சி தலையிலல்லா இருக்கு. எந்தக் கையால தொடைக்க?"

சாலோமி முறைத்தாள். வேறு நாளாக இருந்தால் பதில் வந்திருக்கும். இன்றைக்கு அவளிடம் அதைவிடப் பெரிய பேச்சு இருந்தது.

"என் தங்கச்சி கடைசியா சொன்னதக் கேட்டல்லா? பாதிரி ஐயா முன்னாலயே சொன்னா. 'இவ பால நிப்பாட்டுங்க, எம் பேத்தியக் காப்பாத்துங்க'ன்னா. அடக்கத்துக்கு முந்தி அதச் செஞ்சிரணும். இல்லன்னா அவ ஆத்துமாவுக்கு எப்படி இளைப்பாறுதல் கெடைக்கும்?"

சவப்பெட்டிக்கென்று வந்திருந்த பூவில் இரண்டு கை மல்லிகையை அவள் ஈரத்துணியில் முடிந்து தனியே எடுத்து வைத்திருந்தாள். மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினால் மூன்று நாளில் பால் வற்றிவிடுமாம். முடிச்சைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு, "குளிப்பாட்டி முடிச்சதும் கட்டிக்கோ" என்று மஞ்சள் சோப்பைத் தேய்க்கத் தொடங்கினாள்.

ஜெபராணி மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு வாய் இல்லை. போன வாரம் அவளே தலையாட்டியிருந்தாள்.

லில்லி, சீமை ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் என்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்த வாரம் பிறந்தவள். மூன்றாம் மாதம் கன்னமெல்லாம் வெந்து தோலுரிந்தது. மலத்தில் நூல் நூலாக ரத்தம். தான் முட்டை தின்ற அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளை துடிக்கிறாள் என்பதை ஜெபராணிதான் கண்டுபிடித்தாள். மீன் தின்றால் அப்படி, பால்விட்ட காப்பி குடித்தால் அப்படி. ஒவ்வொன்றாக விட்டாள். கடைசியில் சோறு, உப்பு, புடலங்காய், மாமியார் காலையில் காய்ச்சிக் கொடுக்கிற சீரகக் கஞ்சி, இவ்வளவுதான் மிச்சம். "தாய் தின்னா பிள்ளைக்கு அரிக்குதாம்! ஊரு உலகத்துல இல்லாத சீக்கு" என்று தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும், பிள்ளை பிழைத்தால் போதும் என்று இருந்தாள்.

பிள்ளைக்கு நேரே வேறு பாலும் கொடுத்துப் பார்த்தாயிற்று. நாலாம் மாதம் இன்பமணி பாலாடைச் சங்கில் இரண்டு வாய் பசும்பால் புகட்டினாள். உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு விசில் அடித்தது. அன்று மத்தியானம் வரைக்கும் பிள்ளை நம் பிள்ளையா கர்த்தர் பிள்ளையா என்று தெரியவில்லை. ஆட்டுப்பாலுக்கும் அதே கதைதான். இத்தனை பத்தியத்துக்குப் பிறகும் மலத்தில் ரத்தம் நிற்காததால், தாய்ப்பாலே ஒத்துக்கொள்ளவில்லை, டப்பாப் பால் கொடு என்று மிஷன் மருந்துக்கடை மிஸ்ஸியம்மா சொல்லிவிட்டாள். திருநெல்வேலி டவுணிலிருந்து டப்பா ரயிலில் வந்தது.

"இதுவும் பசுவு பால்தான அத்தே?" என்று கேட்டாள் ஜெபராணி.

"சீமைப் பசுவு வேறட்டி" என்றாள் இன்பமணி.

தன் பால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறது, டப்பாப் பால் ஒரேயடியாகக் கொன்றாலும் கொல்லும். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? தூக்கமில்லாமல், தின்னாமல், அழுது ஓய்ந்து, சரி, திங்கட்கிழமையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று தலையாட்டினாள். அந்தத் திங்கட்கிழமைதான் இன்பமணி காய்ச்சலில் விழுந்தாள். அடுப்பு ஜெபராணி கைக்கு வந்தது. பால் நிறுத்துகிற பேச்சு அப்படியே நின்றது.

குளிப்பாட்டி முடித்து உடம்பை உள்ளே கொண்டுபோனார்கள். ஜெபராணி கையைக் கழுவிக்கொண்டு, அழுகிற பிள்ளையைத் தூக்கிவந்து கிணற்று மேடையில் உட்கார்ந்து மார்போடு அணைத்தாள். பக்கத்திலேயே பூமுடிச்சு. பிள்ளை குடித்தாள். இடுப்புத் துணியை மாற்றும்போது பார்த்தாள், ரத்தம் இல்லை. நேற்றும் இல்லை. முந்தா நாளும் இல்லை. நோயாளியைப் பார்க்கிற பரபரப்பில் கண் பார்த்ததை மனசு வாங்கியிருக்கவில்லை. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த சாலோமியிடம் சொன்னபோது, "சபையே ஜெபிச்சிருக்கு, பின்ன?" என்று முடித்துவிட்டாள்.

அப்போதுதான் கொல்லைப் படலைத் திறந்துகொண்டு ஐயம்பெருமாள் கோனார் வந்தார். வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"மகராசி போயிட்டாவளே தாயி. ஒரு சொல் கடிஞ்சு பேசமாட்டாவளே."

ஜெபராணி சேலையை இழுத்துப் பிள்ளையை மூடிக்கொண்டாள்.

"இந்த நேரத்துல கேக்கப்பிடாதுதான். வேற ஆருகிட்ட கேக்க? அந்தத் தனிப்பால இனிமே ஊத்தணுமா, வேண்டாமா? அம்மா படுத்ததுலேர்ந்து யாரும் செம்பு கொண்டாரல."

"எந்தத் தனிப்பாலு?"

"ஒங்களுக்குள்ளதுதான் தாயி. காலையில கஞ்சியில கலக்க. முட்டையும் எங்க வீட்டுலேர்ந்துதான் வரும். வெள்ளக்கருவ அடிச்சு ஊத்துவாவளாம். சீரகத்த நல்லா வறுத்துப் போட்டா வாடை தெரியாதுன்னு சொல்லிச் சிரிப்பாவ." பேசிக்கொண்டே போனவர் அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "ஒங்களுக்குத் தெரியாதா?"

"எத்தன நாளா?"

"நாலு மாசமா... ஐயோ, வாய விட்டுட்டனே! நல்லதுக்குத்தான் தாயி செஞ்சாவ. 'எம் மருமவ எலும்பா உருகிப் போறா ஐயம்பெருமாளு, அவ கையில நரம்பப் பாத்தியா'ன்னு இந்தப் படலப் பிடிச்சுட்டு நின்னு அழுவாவ."

அவர் போனதை அவள் பார்க்கவில்லை.

நாலு மாதம்! தினமும் காலையில் அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்திருக்கிறாள். 'கஞ்சி ருசியா இருக்கு அத்தே' என்று வேறு சொல்லியிருக்கிறாள். அவள் ஒரு முட்டைக்கு ஏங்கி, மீன் வாசத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, எல்லாவற்றையும் விட்டுப் பட்டினி கிடந்தது அத்தனையும் ஒரு கிண்ணத்தில் பாழ். கடைசியில் பழி மட்டும் இவள் பாலுக்கு. விஷம் வைத்தவள்கூட வைத்தது விஷம் என்று அறிந்து வைப்பாள். மாமியார் அன்பு என்று நினைத்து வைத்திருக்கிறாள். இதற்கு யார் தலையில் முட்டிக்கொள்வது? உள்ளே போய்ப் பிணத்தைத் தோளைப் பிடித்து உலுக்கி, எழுந்திருங்க, பதில் சொல்லிட்டுச் சாவுங்க என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

பந்தலில் உட்கார்ந்திருந்த புருஷனைக் கூப்பிட்டுவிட்டாள். கிருபைராஜ் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அழுது சிவந்த கண்ணோடு வந்தான்.

"உங்க அம்மா என் கஞ்சியில பாலும் முட்டையும் கலந்தாவளாமே."

அவன் கால் பெருவிரலைப் பார்த்தான். 'அப்படியா' என்றுகூடக் கேட்கவில்லை.

"உங்களுக்கும் தெரியும்."

"அம்மா சொன்னா. நீ இருந்த இருப்பு அப்படி, ஜெபராணி. காத்தடிச்சா விழுந்திருவ. நீ தின்னுதது ரத்தமாகி, பெறகு பாலாகி, அதுல எங்க முட்டை இருக்கப் போவுதுன்னு..."

"புஸ்தகத்துல போட்டிருக்கா?"

"மெதுவாப் பேசு. அம்மா உள்ள கெடக்கா."

"கெடக்கட்டும். கேக்கட்டும். நாலு மாசமா எம் பிள்ள ரத்தமாப் போச்சு. ரெண்டு பேரும் பாத்துட்டு இருந்திய. எம் பால் விஷம்னு பாதிரி ஐயா வரைக்கும் போய்ச் சொன்னிய. ஒருநா, ஒரே ஒரு நா, உங்களுக்குச் சந்தேகமே வரலியா?"

அவன் அம்மா கிடக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நான் நிப்பாட்ட மாட்டேன்."

"சாவுற நேரத்துல சபை அறியச் சொன்ன வார்த்த. ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா பிள்ளைக்குப் பால் குடுக்கு?"

பேசுகிற மும்முரத்தில் மடியிலிருந்த பிள்ளையைச் சாலோமி எப்போது வந்து வாங்கிக்கொண்டு போனாள் என்பது உறைக்கவே இல்லை. உறைத்ததும் ஓடினாள். உள்ளறையில் சாலோமி காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டு, கரைத்த டப்பாப் பாலைப் பாலாடையில் எடுத்து வாயருகே கொண்டுபோயிருந்தாள். "குடி ராசாத்தி, ஒங்க ஆச்சி ஆசைப்பட்டதுல்லா."

ஜெபராணி அடித்த அடியில் பாலாடை சுவரில் போய் விழுந்தது. பிள்ளை அலறியது.

"சண்டாளி! செத்தவ வார்த்தைய மிதிக்கியே!"

"ஆமா, மிதிக்கேன். கை வச்சிய, ஒங்களையும் மிதிப்பேன்."

பந்தலில் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். பின்னாலேயே ஓடிவந்த கிருபைராஜ் வாசற்படியில் நின்றான். ஜெபராணி பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. மோவாயில் ஒரே ஒரு சொட்டு வழிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடம் அவர்கள் பார்க்கப் பார்க்கவே சிவந்தது, தடித்தது, கொசு கடித்ததுபோல் எழும்பி மோவாய் முழுக்கப் பரவியது. சாலோமி காலை மடக்கிக்கொண்டாள்.

"பாருங்க" என்று பிள்ளையைப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சீமைப் பசுவு."

நாலு மணிக்குப் பெட்டியை மூடப் போனார்கள். மருமகளைக் கடைசியாக முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். நடந்ததெல்லாம் தெருவுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. இவள் அழுகிறாளா என்று பார்க்கவே பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள். இன்பமணியின் வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். கன்னம் ஒட்டி, யாரையும் ஒன்றும் செய்யாத முகமாக இருந்தது. அதைப் பார்க்க இன்னும் ஆத்திரம் வந்தது. ஜெபராணி குனிந்து காதருகே சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

பெட்டி மூடும்வரை அங்கேயே நின்றாள். கண் நிறைந்தது. அதை யாருக்கும் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கைப்பிள்ளைக்காரி கல்லறைத் தோட்டத்துக்கு வரவேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார்கள். பாட்டுச் சத்தம் வாய்க்கால் கரை தாண்டித் தேய்ந்தது. வீட்டில் தாயும் பிள்ளையும் மட்டும். நேற்று மத்தியானம் சாப்பிட்டது, அதன் பிறகு பச்சைத் தண்ணீர்தான். பிள்ளை ஒரு பக்கம் உறிஞ்சிவிட்டு, பால் போதாமல் தலையால் முட்டினாள்.

சாவு விழுந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. சாமி மாறினாலும் அந்த வழக்கம் மட்டும் இந்தத் தெருவில் மாறவில்லை. சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சாப்பாடு கூடத்தில் மூடி இருந்தது. ஜெபராணி ஒவ்வொன்றாகத் திறந்தாள். தயிர்ச்சோறு. நெய் மிதக்கிற பருப்பு. முட்டைக்குழம்பு. வெறும் சோறு ஒரு பிடி இல்லை. நல்ல மனதோடுதான் கொண்டுவந்திருப்பார்கள். எல்லாரும் நல்ல மனதுக்காரர்கள்தான், பாழாய்ப் போகிறவர்கள்.

எல்லாவற்றையும் மூடினாள். பிள்ளையைச் சேலையால் இடுப்போடு கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். பானையைத் தானே மூன்று தரம் கழுவினாள். அரிசி களைந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் தெருமுனையிலேயே கண்டுவிட்டார்கள். கூரைக்கு மேல் புகை. "ஐயையோ, சாவு வீட்ல அடுப்பெரியுதே!" என்று சாலோமி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால் ஒரு கூட்டம்.

ஜெபராணி அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இலையில் ஆவி பறக்கிற வெறும் சோறு. உப்பைத் தொட்டு ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தாள். மார்பில் பிள்ளை. கூட்டத்தைப் பார்த்துச் சேலையைக்கூட இழுத்துவிடவில்லை.

"அணைங்க அத! கிருபை, நீ போயி அத அணை!"

கிருபைராஜ் செருப்பைக் கழற்றினான். கல்லறை மண் ஒட்டிய கையோடு கூட்டத்தைத் தாண்டி வந்து அவள் முன்னால் நின்றான். பிள்ளையின் மோவாயைப் பார்த்தான். தடிப்பு அமுங்கியிருந்தது, சிவப்பு போகவில்லை. அவள் நிமிரவில்லை. அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.

அவன் கொல்லைப் பக்கம் போனான். கையில் இரண்டு விறகோடு திரும்பி வந்து, அவளைச் சுற்றி உள்ளே போய், அடுப்பில் வைத்துத் தள்ளினான்.

ஜெபராணி பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு எடுத்து வைத்தாள்.